இனிப்பில் எழுந்த பந்தி

துனிசந்த் தன் சகோதரி மகனின் கல்யாணப் பந்தியிலிருந்து கோபித்துக்கொண்டு எழுந்தவர், அதன் பிறகு ஒன்பது வருடம் உட்காரவில்லை. வீம்பு என்று நினைக்க வேண்டாம், வீம்பெல்லாம் முதல் ஒரு வாரம்தான். பிறகு உட்காரத்தான் பார்த்தார், முழங்கால் மடங்கவில்லை. பாலம்பூரில் துணிக்கடை வைத்திருந்தவர் நின்றபடியே துணி கிழித்தார், நின்றபடியே சாப்பிட்டார், பஸ்ஸில் இடம் இருந்தாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். படுக்கப் போகும்போது மகன்கள் இரண்டு பேரும் ஆளுக்கொரு தோளைப் பிடித்து, ஏணியைச் சாய்ப்பதுபோல் அவரைக் கட்டிலில் சாய்த்தார்கள். டாக்டர் முழங்காலைத் தட்டிப் பார்த்துவிட்டு, இந்த வயதில் இவ்வளவு நல்ல முழங்காலைத் தாம் பார்த்ததே இல்லை என்றார். அவரோடு சேர்ந்து எழுந்த மற்றவர்களுக்கு முழங்காலில் ஒன்றுமில்லை, வயிறுதான் நிறையவில்லை. எத்தனை தட்டு சாப்பிட்டாலும் நிறையவில்லை. அவர்கள் விட்டுவிட்டு வந்த சோறோ, தரோட்டில் பெண்ணின் அப்பா லுதர்மணியின் வீட்டு முற்றத்தில் இலைக்கு இலை ஆவி பறக்க அப்படியே இருந்தது. இதெல்லாம் அந்தப் பக்கத்து மலையில் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. வெளியூர்க்காரர்கள் வந்து கேட்கும்போதுதான் ஆரம்பத்திலிருந்து சொல்ல வேண்டியிருக்கிறது.

ஆரம்பம் என்று பார்த்தால் இனிப்புதான். மண்டிப் பக்கத்தில் தாம் என்கிற கல்யாண விருந்தை இனிப்பில் தொடங்குவார்கள். தையல் இலை போட்டு, சோறு வைத்து, அதன் தலையில் நெய் சொட்டும் பூந்தியைக் கவிழ்த்தால் விருந்து தொடங்கியது என்று அர்த்தம். பிறகு சேப்புவடி, பூசணிக்காய்ப் புளிப்பு, கடலைப் புளிப்பு, கறுப்பு உளுந்துப் பருப்பு என்று வரிசையாக வந்து, கடைசியில் தாளித்த நீர்மோர் வந்தால் முடிந்தது. பாலம்பூர் இருக்கிற காங்டாப் பக்கத்தில் இது அப்படியே தலைகீழ். அங்கே கடலையைத் தயிரில் வேகவைத்த மத்ராவில் தொடங்கி இனிப்புச் சோற்றில் முடிப்பார்கள். இனிப்பு வந்துவிட்டதா, கையை அலம்பிக்கொண்டு கிளம்ப வேண்டியதுதான். ஆனால் ஒரு விஷயத்தில் இரண்டு பக்கமும் ஒன்று. பந்தியில் கடைசி இலைக்கும் பரிமாறி முடியும்வரை யாரும் கை வைக்கக் கூடாது, கடைசி ஆள் சாப்பிட்டு முடிக்கும்வரை யாரும் எழக் கூடாது. தரோட் இந்த இரண்டு பக்கத்துக்கும் நடுவில், தேவதாரு மரங்களுக்குக் கீழே இருக்கிறது. அங்கே விருந்து மண்டி முறைதான், ஆனால் பெண் கொடுப்பதும் எடுப்பதும் இரண்டு பக்கமும் நடக்கும். இவ்வளவு காலமாக அதில் ஒரு சிக்கலும் வந்ததில்லை, வந்தவர்களில் யாராவது ஒருவர் பக்கத்தில் இருப்பவரின் காதில் விஷயத்தைப் போட்டுவிடுவார்.

லுதர்மணியின் மகள் நர்வதாவைக் கட்ட வந்தவன் ருமேல். அப்பா இல்லாத பையன், மாமா துனிசந்த் வளர்த்தவன், அவர் கடையிலேயே துணி அளப்பவன். மாப்பிள்ளை ஊர்வலம் சின்ன ரயிலில் வந்தது. ரயில் வழக்கம்போலத் தாமதம், மலையில் அன்று பனிக்காற்று, எல்லோருக்கும் பசி. அது போதாதென்று, வரவேற்பில் துனிசந்துக்குப் போட்ட மாலை மற்றவர்களுடையதைவிடச் சிறியதாக அமைந்துவிட்டது. அவர் ஏற்கனவே முறுக்கிக்கொண்டுதான் பந்தியில் உட்கார்ந்தார். இலை வந்தது, சோறு வந்தது, சமையல்காரர் ஹேத்ராம் வெறுங்காலோடு வாளியைத் தூக்கிக்கொண்டு வந்து, மனிதர் பசித்துப்போய் வந்திருக்கிறார் என்ற நல்லெண்ணத்தில், முதல் கரண்டி பூந்தியை அவர் இலையில்தான் போட்டார். அவருடைய ஆட்கள் மற்ற இலைகளிலும் கவிழ்த்துக்கொண்டே போனார்கள்.

துனிசந்த் இலையைப் பார்த்தார், ஹேத்ராமைப் பார்த்தார். "என்னய்யா இது? வந்து இன்னும் காலக்கூட மடக்கல, அதுக்குள்ள போயிட்டு வாங்கங்கறியா?"

"ஐயா, இதுதானுங்க முதல்..."

"முதல்லயே முடிச்சு அனுப்பறதுக்கு எதுக்குய்யா கூப்பிட்டீங்க? எந்திரிங்கடா எல்லாரும்!"

ஹேத்ராம் சொன்னது யார் காதிலும் விழவில்லை. பந்தியில் விஷயம் தெரிந்தவர்கள் நாலைந்து பேராவது இருந்தார்கள். ஆனால் மாப்பிள்ளையின் மாமா எழுந்து நின்று கத்தும்போது, உட்காருங்கள், உங்களுக்கு ஒன்றும் தெரியவில்லை என்று சொல்ல யாருக்கு வாய் வரும்? ஒருவர் எழுந்தார், அடுத்தவர் எழுந்தார், மாப்பிள்ளையும் தலைப்பாகைச் சரிகை முகத்தில் தொங்க எழுந்தான். லுதர்மணி தன் தலைப்பாகையைக் கழற்றி வாசற்படியில் வைத்து, அதன் பக்கத்தில் தானும் விழுந்தார். துனிசந்த் இரண்டையும் தாண்டிக்கொண்டு போனார். மேளக்காரர்கள் என்ன செய்வதென்று தெரியாமல் கொஞ்ச தூரம் வாசித்துக்கொண்டே போனார்கள்.

முற்றத்தில் ஒப்பாரி தொடங்கியது. அத்தைமார்கள் மார்பில் அடித்துக்கொண்டார்கள். ஹேத்ராமின் ஆட்கள் இலைகளைச் சுருட்டக் குனிந்தார்கள். அப்போதுதான் நர்வதா உள்ளேயிருந்து வந்தாள், பெரிய மூக்கு வளையமும் சிவப்புத் துப்பட்டாவுமாக, விடியற்காலையிலிருந்து விரதத்தில் இருந்த மணப்பெண். மணப்பெண் இப்படி நடு முற்றத்துக்கு வருவது அந்த ஊரில் வழக்கமில்லை.

"யாரும் இலையத் தொடாதீங்க. பந்தி முடியல," என்றாள்.

"பந்தியே போயிடுச்சேடி, பாவி மகளே!" என்றாள் பெரிய அத்தை.

"பாதியில எழுந்தா முடிஞ்சதா அர்த்தமா அத்தை? போனவங்க வருவாங்க. எங்கப்பா வாசல்லேருந்து பசியோட போனாங்கன்னு ஒருத்தரும் சொல்லக் கூடாது. அவங்க வந்து, உக்காந்து, மோர் வரைக்கும் சாப்பிட்டு எழுந்ததுக்கப்புறம் நான் சாப்பிட்டுக்கறேன்."

கோபத்தில் சொல்கிறாள், காலையில் சரியாகிவிடும் என்று எல்லோரும் நினைத்தார்கள். காலையில் பார்த்தால் சோறு சுடச்சுட இருந்தது. பூந்தியில் நெய் உறையவில்லை. கோட்டை அடுப்பில் விறகு தீர்ந்த பிறகும் தணல் அணையவில்லை, அதன் மேல் பித்தளை அண்டாக்களில் சேப்புவடியும் புளிப்பும் பருப்பும் மெதுவாகக் கொதித்துக்கொண்டிருந்தன. இரண்டு நாள் பார்த்துவிட்டு ஹேத்ராம் தன் கரண்டிகளை எடுத்துக்கொண்டு அடுத்த கல்யாணத்துக்குப் போய்விட்டார். ஈ மொய்க்கவில்லை, காக்கை இறங்கவில்லை. ஆடி மாத மழை முற்றம் முழுக்கப் பெய்தது, அந்த இலை வரிசையை மட்டும் விட்டுவிட்டது. பக்கத்து வீட்டுக்காரர் முதலில் பயந்து ஊர்த் தேவதையின் பல்லக்கைத் தூக்கி வரச் சொன்னார். பல்லக்கு வந்து, இலைகளைச் சுற்றி ஒரு தடவை ஆடிவிட்டு, குற்றம் ஒன்றும் சொல்லாமல் திரும்பிப் போனது. ஊருக்கு அது போதும். அதற்குப் பிறகு லுதர்மணி வீட்டுக்கு வருகிறவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டு, வரிசையைச் சுற்றிக்கொண்டு நடக்கப் பழகினார்கள்.

நர்வதாவின் விரதத்துக்கும் ஊர் பழகியது, அதுதான் கொடுமை. அவள் தண்ணீர் குடித்தாள், வேறு ஒன்றும் வாயில் வைக்கவில்லை. முதல் மாதம் அவள் அம்மா கையில் ரொட்டியோடு பின்னாலேயே அலைந்தாள், அழுதாள், நானும் சாப்பிட மாட்டேன் என்று மிரட்டினாள். நர்வதா அம்மாவுக்கு ஊட்டிவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போனாள். அவள் மெலியவில்லை, மயங்கவில்லை, கல்யாண வளையல்கள் கையில் கழன்று விழவுமில்லை. மாடு கறந்தாள், புல் சுமந்தாள், ஆனால் பசி மட்டும் முதல் நாள் எப்படி இருந்ததோ அப்படியே இருந்தது, அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. இரண்டாவது வருடத்தில் அம்மா கேட்பதை நிறுத்தினாள். ஒரு ரோடு கான்ட்ராக்டர் வீட்டிலிருந்து பெண் கேட்டு வந்தார்கள். "பந்தி முடியட்டும்" என்று சொல்லி நர்வதா டீ கொடுத்து அனுப்பினாள். அதற்குப் பிறகு வந்தவர்களுக்கும் அதே பதில், அதே டீ.

மண்டிக்குப் போகும் பஸ்கள் தரோட்டில் நிற்கத் தொடங்கியதும் அந்த வருடங்களில்தான். மலை பார்க்க வந்தவர்கள் இறங்கியவுடன் கேட்பது இங்கே என்ன சாப்பிடலாம் என்பதைத்தான். டிரைவர்கள் லுதர்மணி வீட்டைக் கை காட்டினார்கள், வாசம் அங்கேயிருந்துதான் வந்துகொண்டிருந்தது. நர்வதா முற்றத்தின் மறுபக்கம் புதிதாக ஒரு அடுப்பு போட்டாள். சேம்பு இலையில் மாவு தடவிச் சுருட்டி அவித்த பத்ரோடு, உள்ளே கசகசா அரைத்து வைத்து ஆவியில் உப்பவைத்த சித்து, மழைக்காலமானால் ஓடையோரம் சுருண்டு கிடக்கும் லுங்டுக் கீரை. சித்துவைப் பிட்டு அதில் நெய்யை அவள் ஊற்றுகிற ஊற்றைப் பார்த்தே பாதிப் பேருக்கு மலையேறி வந்த களைப்பு போய்விடும். ஆனால் அந்தப் பக்கத்து இலைகளைக் கேட்டால் தலையை ஆட்டிவிடுவாள், "அதுக்கு ஆள் இருக்கு." டெல்லியிலிருந்து வந்த ஒரு மனிதர் அவள் திரும்பிய நேரம் பார்த்து, ஒரு இலையிலிருந்து நாலு பூந்தியை வாயில் போட்டுக்கொண்டார். அவருக்கு அது மண் மாதிரிகூட இல்லையாம், ஒன்றுமே இல்லையாம். பிறகு மணாலி வரை போய் எதைத் தின்றாலும் அப்படியே. நாலாம் நாள் அதே பஸ்ஸில் வந்து இறங்கி, அந்த இலைக்கு முன்னால் காதைப் பிடித்துக்கொண்டு நின்றார். நர்வதா சிரிக்காமல் அவருக்கு ஒரு தட்டு பத்ரோடு கொடுத்தாள். உப்பு கொஞ்சம் தூக்கல் என்று சொல்லும் அளவுக்கு அவர் குணமாகிவிட்டார்.

பந்திக்காரர்களில் முதலில் திரும்பி வந்தவர் சங்கர்தாஸ் என்ற பள்ளிக்கூட மாஸ்டர். மூன்று வருடமாக வகுப்பில் பாடம் நடத்தும்போதும் சட்டைப்பையில் வறுத்த கடலையை வைத்துக்கொண்டு மென்றுகொண்டிருந்தவர், மனைவியின் திட்டு தாங்காமல் ஒரு நாள் தரோட்டுக்கு ரயில் ஏறினார். கால் கழுவிவிட்டு, ஒன்றும் பேசாமல் தன் இலைக்கு முன்னால் சம்மணம் போட்டார். போட்டதுமே வயிற்றின் எரிச்சல் அடங்கியது, மனிதர் பெருமூச்சு விட்டார். ஆனால் சாப்பிட முடியுமா? பந்தி நிறையவில்லையே. எழுந்து போகலாமா? ஒரு தடவை எழுந்து பட்டது போதும். ஆகவே மாஸ்டர் உட்கார்ந்தே இருந்தார். மாணவர்கள் அங்கே ரயிலேறி வந்து பாடம் படித்துவிட்டுப் போனார்கள். நாவிதர் வந்து முகம் மழித்தார். தபால்காரர் சம்பளத்தை அங்கேயே கொடுத்தார். மற்ற உபாதைகளைப் பற்றிக் கேட்கிறவர்களும் உண்டு, பந்தியில் உட்கார்ந்தவர்களுக்கு அதெல்லாம் வரவில்லை. அவரைப் பார்த்து அன்று பந்தியிலிருந்து எழுந்த ஒரு பஸ் டிரைவர் வந்தார், கல்யாணம் நடத்திவைக்க வந்த பண்டிதர் வந்தார், அண்ணன் தம்பிகள் நாலு பேர் சேர்ந்து வந்து ஆளுக்கு ஆள் இடித்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். பனிக்காலத்தில் அவரவர் வீட்டிலிருந்து கம்பளி வந்தது. வரிசை நிறைய நிறைய முற்றத்தில் எந்நேரமும் சந்தை இரைச்சல்.

ஐந்தாவது வருடம் பங்குனியில் ருமேல் வந்தான். மாமாவிடம் சொல்லாமல் வந்திருந்தான். காதோரம் ஒன்றிரண்டு நரைத்திருந்தது.

"என் இலை எதுங்க?" என்று கேட்டான்.

"தலையிலேருந்து ரெண்டாவது. உங்க மாமா பக்கத்துல."

அவன் உட்கார்ந்தான். ஆவி முகத்தில் அடித்தது. நிமிர்ந்து அவளைப் பார்த்து, "நீங்க சாப்பிட்டீங்களா?" என்றான்.

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்தக் கேள்வியை யாரும் அவளிடம் கேட்டு வருடக் கணக்காகியிருந்தது. "பந்தி முடியாம நான் எப்படிச் சாப்பிடறது?"

"அன்னிலேருந்தா?"

"அன்னிலேருந்துதான்."

ருமேல் தலையைக் குனிந்துகொண்டான். பிறகு, சொல்லாமலே இருந்திருக்கலாம், சொன்னான். "எனக்குத் தெரியுங்க, உங்க பக்கம் இனிப்புலதான் தொடங்குவாங்கன்னு. எங்க பக்கத்து வீட்டு அண்ணி மண்டிக்காரங்க."

"தெரிஞ்சுமா எழுந்தீங்க?"

"மாமா எழுந்துட்டாரு. வாய் வரல."

"வாய் வரல! கால் மட்டும் நல்லா வந்துச்சு போல!" என்று சொல்லிவிட்டு, கையிலிருந்த தண்ணீர்ச் செம்பைத் தரையில் ஓங்கி வைத்துவிட்டு உள்ளே போனாள். அந்த வருடம் மழைக்காலம் முடியும்வரை அவனோடு பேசவில்லை. மற்றவர்களுக்கெல்லாம் தண்ணீர் கொடுத்துவிட்டு அவன் பக்கத்தில் செம்பைத் தள்ளிவிட்டுப் போவாள். அவனும் விடவில்லை. தினமும் காலையில் அவள் வரிசையைக் கடக்கும்போது, "சாப்பிட்டியா?" என்பான், இல்லை என்று தெரிந்துகொண்டேதான். மாஸ்டர்கூட ஒரு தடவை, "ஏம்ப்பா, ஏன் அந்தப் பிள்ளையப் போட்டுக் கிண்டறே?" என்றார். "யாராச்சும் கேக்கணும் இல்ல மாஸ்டர்," என்றான். ஐப்பசியில் ஒரு நாள் அவள் நின்றாள். "இல்லை. பசிக்குது," என்றாள். இதை முதல் முறையாக ஒருவரிடம் வாய்விட்டுச் சொன்னாள். சொன்னதும் அழுகை வந்தது, அழுதாள். அவன் எழுந்து வர முடியாமல் உட்கார்ந்த இடத்திலிருந்து தன் கம்பளியை நீட்டினான். அதற்குப் பிறகு அவள் பருப்பு பொறுக்குவது, பூண்டு உரிப்பது எல்லாம் அவன் இலைக்கு எதிரே உட்கார்ந்துதான். ஓயாமல் சண்டை, பெரும்பாலும் மத்ரா உசத்தியா சேப்புவடி உசத்தியா என்று.

ஒன்பதாவது குளிர்காலத்தில் ஒரு காலை, வரிசையில் கடைசிப் பக்கம் இன்னும் ஆள் வராத ஓர் இலையில் ஆவி நின்றுபோனது. நர்வதா தொட்டுப் பார்த்தாள், சோறு பனிக்கட்டி மாதிரி இருந்தது. இரண்டு நாள் கழித்துத்தான் சேதி வந்தது, துனிசந்தின் மூத்த பங்காளி ஒருவர், அங்கே போக வேண்டும் போக வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருந்தவர், பசியோடு போய்ச் சேர்ந்துவிட்டார். நர்வதா அந்த இலையைத் தன் கையாலேயே எடுத்து ஓடையில் விட்டாள். இதுவரை அவளுக்கு வராத பயம் அன்றைக்கு வந்தது. இப்படி ஒவ்வொன்றாகக் குளிர்ந்துபோனால், இந்தப் பந்தி என்றைக்குமே முடியாது. அந்த ஒருவர் ஏற்கனவே பசியோடு போய்விட்டார், இனி ஒருவர் போகக் கூடாது. உயிரோடு இருந்தவர்களை எண்ணிப் பார்த்தால் எல்லோரும் வந்திருந்தார்கள், தலை இலை ஒன்றுதான் பாக்கி. அன்று மத்தியானமே கல்யாணத் துப்பட்டாவைப் போர்த்திக்கொண்டு சின்ன ரயிலில் ஏறினாள்.

துனிசந்த் கடையில் நின்றபடி ஜன்னல் திட்டில் தட்டை வைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். சிவப்புத் துப்பட்டாவைப் பார்த்ததும் புரிந்துகொண்டார்.

"எதுக்கு வந்திருக்கே? ஊர் சிரிக்கவா?"

"பந்திக்குக் கூப்பிட வந்தேன், மாமாஜி. உங்களுக்காகத்தான் எல்லாரும் கையக் கட்டிட்டு உக்காந்திருக்காங்க."

"மொத வாய்க்கே இனிப்பப் போட்டுப் போய் வான்னு சொன்ன வீட்டுக்கு நான் வரணுமாக்கும்."

"எங்க பக்கம் அதுதான் வாங்கன்னு சொல்றது. உங்களுக்கு இன்னமுமா தெரியாது?"

அவர் மென்றுகொண்டிருந்ததை விழுங்கினார். கடையில் வேறு யாரும் இல்லை என்று திரும்பிப் பார்த்துக்கொண்டார். குரலைத் தாழ்த்தி, "அன்னிக்கு ரயில்லயே சொல்லிட்டாங்கம்மா," என்றார். "தெரியாமயா? அடுத்த ஸ்டேஷன் வர்றதுக்குள்ள தெரிஞ்சு போச்சு."

"அப்ப ஏன் திரும்பி வரல?"

"நான்தானே எழுந்தேன், எல்லாரையும் எழுப்பினேன்? எழுந்தவன் திரும்ப எப்படி உக்கார்றது?"

"முட்டிய மடக்கித்தான்," என்றாள் நர்வதா.

துனிசந்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அதுதான் மடங்க மாட்டேங்குதே, பொண்ணே. நான் வந்தாலும் நட்டு வச்ச கம்பம் மாதிரி நிக்கத்தான் முடியும்."

"வந்து நில்லுங்க. மத்தத அங்க பாத்துக்கலாம். நீங்க வராம நான் இங்கேருந்து நகர்றதா இல்ல." சொல்லிவிட்டுக் கடை வாசலில், துணி வாங்க வருகிறவர்கள் தாண்டித்தான் போக வேண்டும் என்கிற மாதிரி, உட்கார்ந்துவிட்டாள். இரண்டு வாடிக்கையாளர்கள் எட்டிப் பார்த்துவிட்டு எதிர்க்கடைக்குப் போனார்கள். மூன்றாவது ஆளும் போனபோது துனிசந்த் ஷட்டரை இறக்கச் சொன்னார்.

மறுநாள் முற்பகல் அவர் லுதர்மணியின் முற்றத்துக்குள் நுழைந்தபோது பந்தி முழுக்கக் கழுத்தைத் திருப்பியது. நர்வதா கால் கழுவத் தண்ணீர் ஊற்றினாள். தலை இலைக்கு முன்னால் போய் நின்றார். பூந்தி மின்னிக்கொண்டிருந்தது. உட்காரப் பார்த்தார், முடியவில்லை. மாஸ்டரும் டிரைவரும் உட்கார்ந்த இடத்திலிருந்தே எட்டி இடுப்பைப் பிடித்து இழுத்தார்கள், ஒன்றும் நடக்கவில்லை. "நான் அப்பவே சொன்னேனே," என்று துனிசந்த் எரிந்து விழுந்தார். அந்த நேரத்தில் உள்ளேயிருந்து லுதர்மணி வந்தார். அந்த நாளுக்குப் பிறகு அவர் தலைப்பாகை கட்டியதில்லை, தலை முழுக்க வெளுத்திருந்தது. விருந்தாளி இன்னும் நிற்கிறாரே, இன்னும் மனம் இறங்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்துவிட்டார் மனிதர். கையைக் கூப்பிக்கொண்டே வந்து, அன்று விழுந்த மாதிரியே காலில் விழப் போனார்.

"ஐயோ, வேண்டாம்! நீங்க எதுக்கு!" என்று பதறிப்போய் துனிசந்த் குனிந்து அவர் இரண்டு கையையும் பிடித்தார். பிடித்தவர் மண்டி போட்டிருந்தார். கிழவர்கள் இருவரும் ஒருவரை ஒருவர் தாங்கிக்கொண்டு தரையில் கிடந்தார்கள். எந்த முழங்கால் எப்போது மடங்கியது என்று துனிசந்துக்கே தெரியவில்லை. "தப்பு என்னுதுங்க, என்னுதுதான்," என்று திரும்பத் திரும்பச் சொன்னார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, சம்மணம் போட்டு, பந்தியை ஒரு தடவை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பார்த்தார். "என்னடா பாக்கறீங்க? சாப்பிடுங்க!"

ஒன்பது வருடம் காத்திருந்தவர்கள் எப்படிச் சாப்பிடுவார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை. முற்றத்தில் மெல்லும் சத்தத்தைத் தவிர வேறு சத்தம் இல்லை. பூந்தி முதல் நாள் பொரித்ததுபோல் வாயில் உடைந்தது. நர்வதா சேப்புவடி அண்டாவைத் திறந்தாள். உளுந்தை அரைத்து அவித்து, வெட்டிப் பொரித்து, கீரைக் குழம்பில் போட்டது, அத்தனை வருடம் அந்தக் குழம்பைக் குடித்துக் குடித்துப் பஞ்சு மாதிரி ஆகியிருந்தது. ஒரு துண்டை வாயில் வைத்த ருமேல் கண்ணை மூடிக்கொண்டான். "சரி, ஒத்துக்கறேன். மத்ரா ரெண்டாவதுதான்," என்றான். பூசணிப் புளிப்பு வந்தது, கடலைப் புளிப்பு வந்தது, பருப்பு வந்தது. நர்வதா வரிசையின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்குமாக வாளியோடு நடந்துகொண்டே இருந்தாள். வயிறு நிறைகிற சுகம் ஒவ்வொரு முகத்திலும் தெரிய ஆரம்பித்தது. மாஸ்டர் ஏப்பம் விட்டார், அதைக் கேட்டு மற்றவர்கள் சிரித்தார்கள். கடைசியில் நீர்மோர் வந்தது. குடித்தார்கள். இலையை மடித்தார்கள். துனிசந்த் கையைத் தரையில் ஊன்றி எழப் போனார்.

"மாமா, இருங்க. நான் முடிக்கல," என்றான் ருமேல்.

அவன் மோர்க் கிண்ணம் நிறைய இருந்தது. "ஒரே மடக்குல குடிச்சிட்டு வாடா," என்றார் துனிசந்த்.

"குடிக்க மாட்டேன். நான் குடிச்சா நீங்க எல்லாரும் எழுந்திருவீங்க. நர்வதா இன்னும் சாப்பிடல."

"அவ பொண்ணு வீட்டுக்காரிடா. பொண்ணு வீட்டுக்காரங்க பந்தி எழுந்தப்புறம்தான் சாப்பிடுவாங்க. எங்கயாவது மணப்பொண்ணு மாப்பிள்ளை வீட்டுப் பந்தியில உக்காந்து பாத்திருக்கியா?"

"பாத்ததில்ல. இன்னிக்குப் பாக்கறேன். அன்னிக்கு நீங்க எழுந்ததும் நான் எழுந்தேன். இன்னிக்கு நான் உக்காந்திருக்கேன், நீங்க உக்காருங்க." அவன் கிண்ணத்தைத் தொடவில்லை. கொஞ்சம் நகர்ந்து தனக்கும் மாமாவுக்கும் நடுவே இடம் விட்டான். "வா, உக்காரு," என்றான் அவளிடம்.

நர்வதா வாளியோடு நின்றாள். வரிசையில் எல்லோரும் அவளையே பார்த்தார்கள். அவள் அம்மா வாயில் துப்பட்டாவை வைத்துக்கொண்டு வாசலில் சாய்ந்திருந்தாள். எந்த வீட்டுப் பெண்ணும் செய்யாததை எப்படிச் செய்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. அப்போது துனிசந்த் எழ ஊன்றிய கையை எடுத்துவிட்டு, நன்றாகச் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். அவளிடமிருந்து வாளியை வாங்கித் தன் பக்கத்தில் வைத்துக்கொண்டார். "யாராச்சும் ஒரு புது இலை கொண்டாங்கப்பா," என்றார். மாப்பிள்ளையின் மாமா பெண் வீட்டில் பரிமாறியதாக அந்த மலையில் யாரும் கேள்விப்பட்டதில்லை. அவர் சோறு வைத்தார். பிறகு, கரண்டியைத் தயங்கித் தயங்கிப் பிடித்து, முதலில் இனிப்பைப் போட்டார்.

"சரிதானேம்மா? இதுதானே முதல்?"

"இதுதான் முதல், மாமாஜி," என்று சொல்லி நர்வதா உட்கார்ந்தாள்.

அவள் அவசரப்படவில்லை. பூந்தியை ஒவ்வொரு மணியாக எடுத்துத் தின்றாள். சேப்புவடி இரண்டாவது தடவை கேட்டாள், மூன்றாவது தடவையும் கேட்டாள், துனிசந்த் போட்டுக்கொண்டே இருந்தார், வாளியில் குறையவே இல்லை. யாரும் எழவில்லை. வெயில் முற்றத்தைத் தாண்டிச் சுவரில் ஏறியது. பண்டிதர் பாக்கி மந்திரங்களை மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் புளிப்புக்கு வந்து சேர்ந்தபோது மேலே சாலையில் பாலம்பூருக்குப் போகும் கடைசி பஸ் வந்து ஹாரன் அடித்தது. ஒருவரும் அசையாததைப் பார்த்து கண்டக்டர் இறங்கி வந்து, வேலிக்கு மேலாக எட்டிப் பார்த்தார்.

"பாலம்பூர்க்காரங்க வர்றீங்களா இல்லையா? இன்னும் எவ்வளவு நேரம் ஆகும்?"

"பொண்ணு சாப்பிடுது," என்றார் துனிசந்த்.

கண்டக்டர் ஒரு நிமிடம் நின்று பார்த்தார். பிறகு தலையை ஆட்டிக்கொண்டு மேலே போய், டிரைவரிடம் எஞ்சினை அணைக்கச் சொன்னார்.